க என்றால் கடலை

போன மாதம் எனக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர் ரொம்ப நல்ல மாதிரி. நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், கீரை சாப்பிடச் சொன்னார், சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள் என்றார். ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. இரண்டாம் முறை போனபோதும் கேட்கவில்லை. பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே பிறந்த ஒருவரோடு நான் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் நான் கடைசிவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நர்ஸ், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒல்லியான உடம்பு, பெரிய குரல். தோளில் எப்போதும் ஒரு ரெக்ஸின் பை தொங்கும். அதற்குள் ஒரு வெள்ளைத் தட்டும் ஒரு ஐஸ்கிரீம் குச்சியும் இருக்கும். மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, குச்சியால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். யாராவது நடுவில் பேசினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார்.

நான் அவரோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது தனிக் கதை. பீளமேட்டுப் பக்கம் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நூல் மில்லை மூடிவிட்டார்கள். நாற்பத்தைந்து வயதில், ஒரு ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில், பூர்த்தி செய்து வரும் பாரங்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை கிடைத்தது. ரத்தசோகைக்கான ஆராய்ச்சி அது. இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிட வேண்டுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா என்று கண்டுபிடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு பிரிவு, மில் விடுதிப் பெண்கள் ஒரு பிரிவு. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் மூன்றாவது பிரிவு, அவர்களுக்கு மாத்திரை கிடையாது, ஊசிதான். ஆரம்பத்திலும் முடிவிலும் ரத்தம் எடுப்போம். நடுவில் டப்பாவைக் கொடுப்பதும், திரும்பி வரும் டப்பாவில் மிச்சம் எத்தனை என்று எண்ணுவதும்தான் வேலை. எனக்கு ரத்தமும் தெரியாது, இரும்பும் தெரியாது. கட்டம் காலியாக இருந்தால் பிடிக்காது, அது மட்டும்தான் தெரியும்.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு குணம். எதிரில் நிற்பவர் மனம் கோணும்படி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால், "சாப்பிட்டேனுங்க" என்பார்கள். டப்பாவின் மூடியே திறக்காமல் இருக்கும், இருந்தாலும் சாப்பிட்டேனுங்கதான். சிஸ்டருக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவரும் அதே மண். அதனால் அவர் மாத்திரையைப் பற்றிக் கேட்கவே மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் உலகமெல்லாம் விசாரித்துவிட்டு, பஸ் நேரம் கேட்பது போலக் கேட்பார்.

"ஏனுங்க, வெளிக்கி என்ன நெறத்துலீங்க போகுது?"

இரும்பு உள்ளே போனால் கருப்பாக வெளியே வரும். வாய் மரியாதைக்காகப் பொய் சொல்லும், அது சொல்லாது என்பது சிஸ்டரின் கட்சி.

காங்கேயம் ரோட்டில் ஒரு மில் விடுதியில் இந்தக் கேள்வியை அவர் முதல்முறை கேட்டபோது நானும் இருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு பெண் தட்டை அப்படியே கீழே வைத்தாள். இன்னொருத்தி சிரித்துப் புரையேறி, அவள் தலையைத் தட்ட நாலு பேர் ஓடினார்கள். இரண்டாம் மாதம் நாங்கள் கேட்டில் நுழையும்போதே மாடியிலிருந்து கூட்டமாகக் குரல் வந்தது: "கருப்புங்க சிஸ்டர்." வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் மானம் போய் செருப்பைப் பார்த்தபடி நடந்தேன்.

டயாலிசிஸ் பிரிவில் ஓய்வு பெற்ற கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"எல்லாரையும் அந்தக் கேள்வி கேக்கறீங்களாமா. என்னையெல்லாம் கேக்க மாட்டீங்களாட்ட இருக்குது."

"உங்களுக்கு ஊசிங்கய்யா. நெறம் மாறாதுங்க."

"மாறாட்டிப் போகுதுங்க. கேட்டா என்னங்க?"

அன்றிலிருந்து சிஸ்டர் அவரையும் கேட்டார். அவரும் ஒவ்வொரு முறையும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மஞ்சளுங்க" என்று டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற தோரணையில் சொல்வார். அதை எழுதப் பாரத்தில் கட்டம் இல்லை. எனக்கு எரிச்சலாக வரும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது அவர் சபையில் நடந்த கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார். மூல ஆபரேஷனில் ரத்தம் போய் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பாஸ்டர், மணமக்களை ஜெபித்து வாழ்த்திவிட்டுப் படியிறங்கினார். சிஸ்டர் பட்டுச்சேலையோடு எதிரே போய் நின்று கும்பிட்டு, அதே மரியாதையோடு கேட்டார். பாடகர் குழு முழுவதும் பின்னால் நின்றுகொண்டிருந்தது. பாஸ்டர் கொஞ்சமும் அசரவில்லை. "கருப்பும்மா, ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

இந்தக் கேள்வி ஒரு பக்கம் இருக்கட்டும். அவரை எனக்கு உண்மையாகப் புரிய வைத்தது ஒரு யானை. தொண்டாமுத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஒரு ஊர், அங்கேதான் எங்கள் கர்ப்பிணிகள் பத்தொன்பது பேரும் இருந்தார்கள். அங்கன்வாடியில் டப்பா வாங்கப் போன ஒரு நாள், ஒரு பெண் வெறுங்கையோடு வந்தாள்.

"டப்பாவ ஆனை மிதிச்சுப்போட்டுதுங்க சிஸ்டர்."

தொலைந்தது என்று எழுதுங்கள், முடிந்தது என்றேன் நான். "தொலைஞ்சத நான் பாக்கலீங்களேண்ணா" என்றார் சிஸ்டர். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பாரத்தில் எழுதினார்: "சமையலறைச் சுவர் இடிந்திருந்தது. நசுங்கிய டப்பா இருந்தது. யானையைப் பார்க்கவில்லை." இதை எந்தக் கட்டத்தில் ஏற்றுவது என்று அவரோடு நான் சண்டை போட்டேன். தெரிந்ததற்கு மேல் ஒரு எழுத்துகூட அவரிடமிருந்து வராது, அதற்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பஸ் ஏறுவார்.

பிறகு அந்தப் போன் வந்தது. எங்கள் பதிவுகளைச் சரிபார்க்கிற அதிகாரி பெங்களூரில் இருந்தார். நம் ஊர்க்காரர்தான். எடுத்தவுடன் கேட்டார்.

"சார், உங்க ஊர்ல மாத்திரை குட்டி போடுமா?"

முப்பது மாத்திரை கொடுத்த டப்பாவில் எழுபத்துமூன்று மிச்சம் என்று பதிவாகியிருந்தது. இன்னொன்றில் அறுபத்தெட்டு. அந்த மலையடிவார ஊரில் பத்தொன்பது டப்பாவும் அதே லட்சணம். வெள்ளிக்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் அந்த ஊர்ப் பெண்களின் பதிவை முழுவதுமாக நீக்கிவிடுவோம் என்றார். ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவர்கள் போய்விட்டால் கர்ப்பிணிகளுக்கு என்ன மருந்தளவு என்ற கேள்விக்கே எங்களிடம் பதில் இருக்காது. "ஏத்தினது நீங்கதானே?" என்று என்னை மட்டும் பார்த்துக் கேட்டார். இன்னொரு முறை வேலை தேட எனக்குத் தெம்பு இல்லை.

பாரங்களை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் ஓடினேன். அந்தக் கட்டம் நகம் அளவுக்குத்தான் இருக்கும். அதற்குள் அவர் கையெழுத்தில் "க.73" என்று இருந்தது.

"சிஸ்டர், இந்த க. எழுபத்துமூணு என்னது?"

"கடலைங்ண்ணா."

"க-ன்னா கர்ப்பிணி இல்லையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுபத்துமூணு கர்ப்பிணி எப்பிடீங்ண்ணா ஒரு டப்பாக்குள்ள இருப்பாங்க?"

விஷயம் இதுதான். அந்த மாதம் அங்கே கடலை பிடுங்குகிற காலம். ஊருக்கே வந்து ஒரு டப்பாவில் எதையோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அந்த டப்பாவை எப்படி வெறுமனே திருப்பிக் கொடுப்பது? ஆளுக்கொரு கை கடலையைப் போட்டு மூடிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது தெரியாத வழக்கமா என்ன? என் மனைவி பக்கத்து வீட்டு டிபன் பாக்ஸைக் கழுவி, நாலு முறுக்காவது போடாமல் திருப்பி அனுப்ப மாட்டாள். மாத்திரை டப்பாவும் ஒரு பாத்திரம்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. மாத்திரை பெருகியதைக் கண்டும் என் மண்டையில் ஏறவில்லை. முந்தின மாதப் பாரம் ஒன்றில் "ப" என்று இருந்ததை "பரவாயில்லை" என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது பாசிப்பயறு.

"கடலையை எதுக்கு சிஸ்டர் எண்ணினீங்க?"

"டப்பாக்குள்ள எத்தனைன்னுதானுங்க பாரத்துல கேட்டிருக்குது. என்ன எத்தனைன்னு கேக்கலீங்களே. அதுமில்லாம, அடியில ஒரு மாத்திரை கெடந்தா எண்ணுனாத்தானுங்க தெரியும்."

"சரி, அந்தக் கடலையெல்லாம் எங்கே?"

சிஸ்டர் என் மேசையைப் பார்த்தார். "நாலு மணிக்கு டீக்குத் தொட்டுக்குறீங்களே, அதுதானுங்க. வறுத்துக் கொண்டாந்து வெச்சேன்."

இரண்டு வாரமாகச் சாட்சியைத் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

சரி, விளக்கம் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். சிஸ்டர் பேனாவை எடுக்கவில்லை.

"பூஜ்யமுன்னா எல்லா மாத்திரையும் உள்ள போச்சுன்னு அர்த்தமுங்ண்ணா. டப்பாவுல இல்லைங்கறதுதான் எனக்குத் தெரியும். வயித்துக்குள்ள போச்சான்னு தெரியாதுங்களே."

"வேற எங்க சிஸ்டர் போயிருக்கும்? என் பொழப்பு போயிரும்." நான் கத்திவிட்டேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்குப் போயிட்டு வந்தர்லாமுங்ண்ணா. பத்தொம்பது ஊடுதானுங்க."

மறுநாள் பஸ்ஸில் அவர் ஒரு சிக்கலைச் சொன்னார். கேட்டுக் கேட்டு அந்தக் கேள்வி கெட்டுப்போயிருந்தது. நிறம் என்ன என்றால் கருப்பு என்று சொன்னால் சிஸ்டருக்குச் சந்தோஷம் என்பது ஊருக்கே தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார்கள். தொண்டாமுத்தூரில் இறங்கியதும் நேராக ஒரு ஹார்டுவேர் கடைக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் பெயிண்ட் கம்பெனியின் கலர் அட்டை இருந்தது. மேல் வரிசையில் வெளிர் மஞ்சள், நடுவில் பச்சை, செம்மண், பழுப்பு, கடைசி வரிசையில் காப்பிக்கொட்டையும் கருப்பும். "வாயத் தெறக்க வேண்டாம், வெரல வெச்சாப் போதுமுங்க" என்றார்.

முதல் வீட்டிலேயே கணவன் அட்டையை வாங்கிவிட்டான்.

"கவர்மெண்டே அடிச்சுக் குடுக்குதுங்களா? அப்படீன்னா முன்னாடிச் செவுத்துக்கு இந்த எளம்பச்சை போதுமுங்க."

சிஸ்டர் மிகுந்த மரியாதையோடு விஷயத்தை விளக்கினார். அவன் அட்டையைச் சட்டென்று திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான், நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே கடைசி வரிசையில் விரலை வைத்தாள். ஐந்தாம் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி ஊரெல்லாம் பரவி, ஆண்கள் அத்தனை பேரும் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு வீட்டிலும் விரல் கடைசி வரிசைக்குத்தான் போனது. நான் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஆடலாம் போல இருந்தது.

பத்தொன்பதாவது வீடு தள்ளி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது. மணி நாலரை. பொழுது சாய்ந்தால் அந்த வழியில் யானை இறங்கும். பதினெட்டு பேர் கருப்பு, இதுவும் கருப்பாகத்தான் இருக்கும், எழுதிவிடலாம் என்றேன். சிஸ்டர் பாதி வழி போய்விட்டிருந்தார்.

அந்தப் பெண்ணுக்கு இருபது, இருபத்தோரு வயது இருக்கும். எட்டாம் மாசம். கணவன் பெருந்துறையில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தான். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாக மோர் கொண்டுவந்து கொடுத்தாள். சிஸ்டர் அட்டையை நீட்டினார். அவள் விரல் நேராகக் கடைசி வரிசைக்குப் போய், தொடாமல் நின்றது.

"அதை எல்லாரும் தொட்டுட்டாங்க அம்மணி. உங்குளுது எதுன்னு காட்டுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விரல் மெதுவாக மேலே ஏறி, வெளிர் மஞ்சளில் உட்கார்ந்தது. பிறகு அவளே சொன்னாள்.

"மாத்தரை முழுங்குனா வாந்தி வருதுங்க சிஸ்டர்."

"அப்ப மாத்தரையெல்லாம் எங்கீங்க கண்ணு?"

அவள் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் விழும் இடத்தைக் காட்டினாள். அங்கே ஒரு தென்னங்கன்று நின்றது. "இத்தன வெயில்ல பஸ்ஸேறி வந்து குடுத்துட்டுப் போறீங்க. வேண்டாமுங்கன்னு எப்பிடீங்க சொல்றது? வெறும் டப்பாவக் குடுக்கவும் மனசு வல்லீங்க."

சிஸ்டர் சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை. அவளை வெளிச்சத்துக்குக் கூட்டிப்போய், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது. பையிலிருந்த ஹீமோகுளோபின் மீட்டரில் விரலைக் குத்தி ஒரு சொட்டு வைத்துப் பார்த்தார். வந்த எண்ணை நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினார். அதே எண்தான் வந்தது. என் கையில் இருந்த பாரத்தைப் பார்த்தேன். இந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே நான் பூஜ்யம் போட்டிருப்பேன். எல்லாம் உள்ளே போய்விட்டது, இவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதி, அழகாகக் கட்டத்தை நிரப்பியிருப்பேன். அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

தேங்காய் ஏற்ற வந்திருந்த ஒரு குட்டியானை வண்டிதான் கிடைத்தது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அவளும் சிஸ்டரும். பின்னால் தேங்காய்க் குவியல்மேல் நான். யானைக்குப் பயந்து கிளம்பிய நாங்கள் குட்டியானையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கே ரத்தம் ஏற்றினார்கள், பிறகு இரும்பையும் நரம்பு வழியாகவே செலுத்தினார்கள். வாந்தி வராத வேறு மாத்திரையும் கொடுத்தார்கள். இப்படியே பிரசவத்துக்கு விட்டிருந்தால் தாயைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னபோது சிஸ்டர் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன்.

பதிவைத் திருத்துவதற்கு ஒரு முறை உண்டு. பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, சரியானதை எழுதி, காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சிஸ்டர் பதினெட்டு பாரத்தில் காரணம் "கடலை" என்றும், பத்தொன்பதாவதில் "தென்னங்கன்று" என்றும் எழுதினார். வெள்ளிக்கிழமை நேரிலேயே வந்த பெங்களூர் அதிகாரி அத்தனையையும் படித்தார்.

"கடலை பதினெட்டு, தென்னை ஒண்ணு. இது ரத்தசோகை ஆராய்ச்சியா, எண்ணெய் மில்லாங்க?"

சிஸ்டர் வறுத்த கடலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். எங்கள் பெண்கள் ஆராய்ச்சியில் இருந்தார்கள், நானும் வேலையில் இருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் கணவன் எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். கையில் புது மாத்திரையின் டப்பா.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. ஊட்ல இதக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க."

சிஸ்டர் தட்டை எடுத்து வைத்து டப்பாவைக் கவிழ்த்தார். கொட்டியது சர்க்கரை. குச்சியால் அந்தக் குவியலை மெதுவாகக் கிளறி, அடிவரை தேடிப் பார்த்தார். ஒரு மாத்திரையும் இல்லை. பாரத்தை எடுத்து "ச." என்று எழுதி நிறுத்தினார்.

"எண்ண முடியலீங்ண்ணா. ச-ன்னா சர்க்கரைங்க. நீங்க வேற எதையாச்சும் போட்டுறாதீங்க."

அதோடு விடுவாரா? அவன் பக்கம் திரும்பி, "ஏனுங்க, ஊட்ல அம்மணிக்கு இப்ப..." என்று ஆரம்பித்தார். அவன் காது வரை சிவந்துபோய், கேள்வி முடிவதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். அன்றைக்குத் தோப்பு வீட்டில் நாங்கள் விட்டுவிட்டு வந்த கலர் அட்டையின் கடைசி வரிசை மட்டும், கத்தரியால் ஒழுங்காக வெட்டியிருந்தது. கருப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவால் ஒரு டிக் இருந்தது.

சிஸ்டர் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நான் ஒரு வார்த்தையும் கேட்காமலே, பாரத்தில் பூஜ்யம் போட்டார்.